கருவி சொன்ன அளவு

டீ வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி ஐயா. எனக்கு இப்போது வேண்டாம், நீங்கள் குடியுங்கள், ஆறிவிடும். ஒரே ஒரு வேண்டுகோள். மேசைமேல் இருக்கிறதே, அந்தக் கருவியை ஜன்னல் வெயிலிலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்தால் நல்லது. வெயில் அதற்கு ஆகாது, கை கழுவுவது எனக்கு ஆகாததுபோல.

அடிக்கடி கழுவினால் எனக்குத் தோல் வறண்டு வெடித்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாப்பிடும் முன் கழுவுவேன், சாப்பிட்ட பின் கழுவுவேன், அதற்கு மேல் யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது. வாக்குமூலத்தில் இதெல்லாம் எதற்கு என்று எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டார் பாருங்கள். எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தேவைப்படும்.

நான் உணவு ஆய்வாளர். கருவி வருவதற்கு முன் என்னிடம் இருந்தவை இரண்டு கண்ணும் ஒரு நாக்கும்தான். கடைத்தெருவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கடைக்காரர் எழுந்திருக்க மாட்டார். உட்கார்ந்தபடியே ஒரு பன்னை எடுத்துக் காகிதத்தில் சுற்றுவார். நானும் வாங்கிக்கொள்வேன்; வேண்டாம் என்றால் மனம் நோகுமே. 'பன் சார்' என்று எனக்குப் பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகைக் காட்டியதும் சொல்வார்கள், அதுவும் என் காதில் விழுகிற மாதிரி.

என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, அதே தெருவில் பேக்கரி வைத்திருக்கிறான். மாடியில் வீடு, கீழே கடை. கேக்கின்மேல் ரோஸ் நிறத்தில் கிரீம் பூ வைப்பதில் கெட்டிக்காரன். அவன் மகளின் பிறந்தநாளன்று கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது எல்லோர் முன்னாலும் சொன்னான்: "மாமா கடைக்குள்ள வந்தா ஈகூட எந்திரிச்சுப் பறக்காதுங்க. நம்மாளுதானேன்னு அதுக்கும் தெரியும்." எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகுதான் கருவி வந்தது. சோப்புப் பெட்டி அளவுதான், சட்டைப் பையில் அடங்கும். அது என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். துணிக்கும் காகிதத்துக்கும் போடும் ரோஸ் சாயம் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டில் அதைச் சேர்க்கக் கூடாது என்று சட்டம். ஆனால் மலிவு, பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆகவே சிலர் சேர்ப்பார்கள். அந்தச் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு. குறிப்பிட்ட வெளிச்சம் பட்டால் தானும் ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலும் கருவிக்குத் தெரிந்துவிடும். உணவில் ஒரு துணுக்கைச் சுத்தமான நீரில் கரைத்து, காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டு, பட்டையைக் கருவியின் வாயில் செருகிப் பொத்தானை அழுத்த வேண்டும். பூஜ்யம் காட்டினால் சுத்தம். அதற்கு மேல் எண் ஏற ஏற, சாயமும் அவ்வளவு.

தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் ஒரு சடங்கு உண்டு. கருவி சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, அந்தச் சாயத்தையே ஒரு சின்னக் குப்பியில் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு சொட்டை முதலில் கருவிக்குக் காட்ட வேண்டும். மோப்ப நாய்க்குத் திருடனின் சட்டையை முகரக் கொடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குப்பியின் மூடி கொஞ்சம் ஒழுகும். நான் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு பெட்டி நிறையக் கொடுத்திருந்தார்கள். போட்டால் கை அரித்தது. பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க உதவுமே என்று மனைவியிடம் கொடுத்துவிட்டேன். எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

முதல் கடை சர்பத் கடை. நாற்பது காட்டியது. கடைக்காரர் வாயில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்துபோனதை நான் பார்த்தேன். அடுத்தது மிட்டாய்க் கடை, நாற்பது. ரஸ்க், நாற்பது. உப்பு மூட்டை, நாற்பது. உப்பில் எதற்கு ரோஸ் சாயம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். உப்புக்காரரும் அதையேதான் என்னிடம் திருப்பிக் கேட்டார். எல்லாக் கடையிலும் ஏறத்தாழ ஒரே எண் வந்தது எனக்கு ஒன்றைத் தெளிவாக்கியது: ஒரே ஆள்தான் எல்லோருக்கும் சாயம் சப்ளை செய்கிறான். இதைவிட வலுவான சாட்சி வேறென்ன வேண்டும்?

அவித்த முட்டை விற்கிறவர் மட்டும் கொஞ்சம் வாதம் செய்தார். "சார், ஓட்டை இப்பத்தான் உங்க கண்ணு முன்னால உரிச்சேன். உள்ள நான் எப்படி சார் சாயம் போடுவேன்?"

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

"எனக்குத் தெரியாது சார். கோழியத்தான் கேக்கணும்."

அவர் கிண்டலுக்குச் சொன்னார், நான் கடமையாக எடுத்துக்கொண்டேன். கோழிப் பண்ணைக்குப் போய் ஒரு கோழியின் அலகை நனைத்துச் சோதித்தேன். நாற்பது. கடைகளுக்கு வைத்ததுபோலவே பண்ணைக்கும் சீல் வைத்தோம். மேலதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்திரிகையில் படம் வந்தது. கருவியை இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தப் படத்தை இப்போது பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம்.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் எனக்குப் பெயர் 'லைட் சார்'. பன் சுற்றும் காகிதம் நின்றுபோனது. நான் தெருமுனையில் திரும்பினாலே கடைக்குக் கடை நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். எழுந்து நிற்பார்கள் ஐயா. என் வாழ்நாளில் எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. என் கல்யாணத்தில்கூட எல்லோரும் பெண் வருகிறாள் என்றுதான் எழுந்தார்கள்.

மைத்துனன் கடைக்கும் போனேன். சொந்தக்காரன் என்று விட்டுவைத்தால் ஊர் என்ன சொல்லும்? நான் நுழைந்ததும் அவனும் எழுந்து நின்றான். கையில் கிரீம் பை, நெற்றியில் மாவு. "மாமா, அது பீட்ரூட் மாமா. வேணும்னா இப்பவே வேகவச்சு, பிழிஞ்சு காட்டறேன்" என்றான். வேகவைத்தான், பிழிந்தான். நான் ஒரு சொட்டு எடுத்துப் பட்டையில் விட்டேன். நாற்பது. அவன் கருவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அன்று மாலை என் மனைவி சோறு போடும்போது சொன்னாள். "அவன் பொய் சொல்ல மாட்டாங்க. பொய் சொன்னா அவனுக்குக் காது செவந்துடும், சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியும்."

"கருவி காதையெல்லாம் பாக்காது" என்றேன்.

"அப்ப நீங்களாவது பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. தட்டில் மட்டும் எல்லாம் வேளாவேளைக்கு விழுந்தது.

இப்போது ஆய்வகத்துக்கு வருகிறேன். கருவி சொன்னால் மட்டும் வழக்குப் போட முடியாது. மாதிரியைப் புட்டியில் அடைத்து அரசு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கேயும் சாயம் இருக்கிறது என்று சொன்னால்தான் செல்லும். அங்கிருந்த அம்மா, படித்தவர், கண்ணாடி போட்டவர், போனில் கூப்பிட்டார். "சார், நீங்க அனுப்பினது எல்லாமே சுத்தமா இருக்கே" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆய்வக எந்திரம் பீரோ அளவு பெரியது, நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. ஒரு கடையையாவது கண்ணால் பார்த்திருக்குமா? பாவம், அதற்குக் கொஞ்சம் கைகொடுத்தால் தெரிந்துவிடும் என்று, அதற்குப் பிறகு அனுப்பிய ஒவ்வொரு புட்டியிலும் என் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். அன்றிலிருந்து ஆய்வகமும் கருவியும் ஒற்றுமையாகிவிட்டன. இது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இதற்காகத்தானே இன்று மதியம் என்னைக் கூட்டிவந்தீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் வாக்குமூலம் அரைகுறையாகிவிடும்.

ஆய்வக அம்மாவுக்கு மனது ஒப்பவில்லை. முட்டையிலும் உப்பிலும் கோழியிலும் ஒரே எண் எப்படி வரும் என்று நேராகவே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். "வெறும் தண்ணிய வச்சுப் பாருங்க சார்" என்றார். வைத்தேன். நாற்பது.

"தண்ணியிலயும் கலந்துட்டானுங்க, பாத்தீங்களா" என்றேன்.

"இது நானே காய்ச்சி வடிச்ச தண்ணி சார்." பட்டையை உருவி எடுத்து, நான் பிடித்திருந்த ஓரத்தைப் பார்த்தார். பிறகு, "உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

காட்டினேன். ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு சின்ன டார்ச்சை அடித்தார். என் கட்டைவிரல் தனியாக ரோஸ் நிறத்தில் எரிந்தது. நகத்தின் ஓரமெல்லாம் கோடு போட்ட மாதிரி. அழகாகத்தான் இருந்தது.

"சார், சாயம் எந்தக் கடையிலயும் இல்ல. காலையில குப்பியத் தொட்ட விரலாலயே பட்டையத் தொடறீங்க. சாயம் உங்க விரல்லதான் இருக்கு."

நான் மறுக்கவில்லை. ஒளிர்ந்தது உண்மை. ஆனால் என் விரலில் இருப்பதால் கடையில் இல்லை என்று ஆகிவிடுமா? இரண்டு இடத்திலும் இருக்கக் கூடாதா? இதை அவரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நல்ல மனுஷி, அதையும் சொல்ல வேண்டும். கத்தவில்லை, மேலே எழுதிப்போடவும் இல்லை. "தப்பு யாருக்கும் வரும் சார். திங்கக்கிழமை நானே கையுறை போட்டுகிட்டு வரேன். ஒவ்வொரு கடையாத் திறந்து, என் கண்ணு முன்னால புதுசாச் செய்யச் சொல்லி மாதிரி எடுக்கறேன். சுத்தமா இருந்தா எல்லாத்தையும் திறந்து விட்டுடலாம். நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிட்டாப் போதும்" என்றார்.

ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் கடைத்தெருவில் நடப்பதைக் கற்பனை செய்து பார்த்தேன். சர்பத் கடையில் சொல்ல வேண்டும். உப்புக் கடையில் சொல்ல வேண்டும். முட்டைக்காரர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கோழிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்" என்பார். நிச்சயம் சொல்வார். அடுத்த பிறந்தநாளில் என் மைத்துனன் சொல்லப்போவதற்கு எல்லோரும் சிரிப்பார்கள், என் மனைவி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். பன் சார் என்ற பெயர்கூடத் திரும்பக் கிடைக்காது. விரல் சார் என்றுதான் இருக்கும். யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள்.

ஆகவே திங்கட்கிழமை கருவி தோற்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்தம்மா சொன்னபடி வந்தார். கையுறை, புதுப் புட்டிகள், அவருடைய சொந்தக் கருவி. என்னைத் தெருவின் எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னார், நின்றேன். சர்பத் புதிதாகக் கலக்கினார்கள். முட்டை புதிதாக அவித்தார்கள். மைத்துனன் பீட்ரூட்டைத் தோல் சீவி, புதுப் பாத்திரத்தில் வேகவைத்தான். அவன் முகத்தில் நம்பிக்கை இருந்தது. அந்தம்மா ஒவ்வொரு கடையிலும் பட்டையைச் செருகினார். நாற்பது. நாற்பது. முப்பத்தொன்பது. நாற்பது. அவருடைய கருவியில், ஐயா. நான் எதையும் தொடவே இல்லை.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் பக்கத்தில் போய், ஆறுதலாகத்தான், "உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன்.

கையுறையைக் கழற்றிவிட்டுத் தெருக்குழாயில் சோப்புப் போட்டுக் கழுவினார். டார்ச் அடித்துப் பார்த்தார். மறுபடி கழுவினார். கழுவக் கழுவ அதிகமாக ஒளிர்ந்தது. முழங்கை வரை தேய்த்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றது எனக்குச் சங்கடமாக இருந்தது. இப்போது நீண்ட விடுப்பில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதிகம் கழுவினால் தோல் கெட்டுவிடும் என்று அன்றே அவரிடம் சொன்னேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்கள் கையால் நடந்தது. கடைக்காரர்களைப் பிடித்தீர்கள், என் மைத்துனனையும் சேர்த்து. அதே சமயம் ஊரில் வயிற்று வலி, வாந்தி என்று கூட்டம் மருத்துவமனையில் நிரம்பியதும் ஜனங்கள் அந்தக் கடைகளின்மேல் கல் எறிந்தார்கள். காலையில் குழாயில் வரும் முதல் குடம் லேசாகச் சிவந்திருக்கிறது என்று சிலர் என்னிடம் முறையிட்டார்கள். குழாய்த் துரு என்று விளக்கிச் சொல்லி அனுப்பினேன். லைட் சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போனார்கள்.

மைத்துனனின் மகளும் மருத்துவமனையில் சேர்ந்தாள். ஆறு வயது. முன்பற்கள் இரண்டும் விழுந்திருக்கின்றன. இவ்வளவு நாள் மருந்து கொடுத்தும் ஏன் குணமாகவில்லை என்று மருத்துவருக்குப் புரியவில்லை. நான் பார்க்கப் போயிருந்தேன். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள். "அப்பா எப்ப மாமா வருவாங்க?" என்று கேட்டாள். தாகமாக இருக்கிறது என்றாள். அங்கிருந்த குழாயிலேயே பிடித்து நானே டம்ளரில் கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள். எனக்கு அந்தக் குழந்தைமேல் கொள்ளை ஆசை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் மனைவி. குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். இன்று காலை என் சட்டையைத் துவைக்கும்போது நுரை ரோஸாக வந்திருக்கிறது. நான் கொடுத்த அந்தக் கையுறைகளைத்தான் போட்டிருந்தாள். அப்படியே வந்து, நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் கருவியை எடுத்தாள். அலமாரியில் இருந்த காய்ச்சி வடித்த தண்ணீரை வைத்தாள்: பூஜ்யம். பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டைத் தம்பி ஞாபகமாகக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாள், அதன் ரோஸ் பூவைக் கரைத்து வைத்தாள்: பூஜ்யம். பிறகு என் சட்டைக் கையைப் பிழிந்து வைத்தாள். எண் உச்சிக்குப் போய் நின்றுவிட்டது. நான் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது மூன்று பட்டைகளையும் வரிசையாகச் சாப்பாட்டு மேசைமேல் வைத்திருந்தாள். "அவன் காது செவக்கலன்னு சொன்னேன்ல" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். பட்டைகளையும் சட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள். செய்முறையில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்தக் கருவியை முறைப்படி பயன்படுத்திய ஒரே ஆள் எங்கள் துறையிலேயே இல்லை.

சட்டையில் இருக்கும் சாயம் குப்பியிலிருந்து சிந்தியது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். ஒரு சொட்டுக்கு, முழங்கைக்கு மேல் வரை சட்டை நனையாது ஐயா. அதை நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று மதியத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அந்தம்மாவின் கருவி எப்படி நாற்பது காட்டியது என்றும் கேட்கவில்லை. கையுறை போட்டிருந்தார், புட்டியும் புதிது, என்னை எதிர்ப்பக்கம் நிறுத்திவைத்திருந்தார்.

கடைத்தெருவின் பின்னால் மேல்நிலைத் தொட்டி இருக்கிறதே, ஏணியில் ஏறிப் போகும்படி. கடைகளுக்கு, மாடி வீடுகளுக்கு, மருத்துவமனைக்கு, உங்கள் நிலையத்துக்கு, எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் தண்ணீர். நான் திருட்டுத்தனமாக ஏறவில்லை. பட்டப்பகலில், கழுத்தில் அடையாள அட்டையோடு ஏறினேன். தொட்டிக் காவல்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "தண்ணிய செக் பண்ணவா சார்?" என்றார். ஆமாம் என்றேன். பொய் இல்லை, முதலில் சோதிக்கத்தான் செய்தேன். பிறகுதான் துணிச்சாயம் விற்கும் கடையில் வாங்கிய மூட்டையைப் பிரித்தேன். அடியில் தங்கிவிடக் கூடாதே என்று கையை விட்டுக் கலக்கினேன். தொட்டி தினமும் நிரம்புவதால் தினமும் காலையில் போய்ச் சரிபார்த்துச் சேர்க்க வேண்டியிருந்தது. இன்று காலையும் போனேன், மனைவி துணியை ஊறப்போடும் முன்பே திரும்பிவிட்டேன்.

டீயை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? பாதிக்கு மேல் குடித்தாகிவிட்டது, இனி வைத்து என்ன ஆகப்போகிறது. எழுதுகிறவரும் அவருடைய டம்ளரைத் தள்ளி வைக்கிறார். பயப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். என்னைக் கலப்படக்காரன் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம், அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். கலப்படக்காரன் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுவான். நான் மூட்டையைப் பிரிக்கும் முன்பே என் கையால் பட்டையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். அந்தத் தண்ணீரில் நாற்பது இருப்பதாகக் கருவி ஏற்கெனவே சொல்லிவிட்டது. நான் போட்டது அந்த நாற்பதைத்தான் ஐயா, அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூடப் போடவில்லை.